ஒரு வீடு, எத்தனை அடுப்பு? செட்டிநாட்டு அடுப்படியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் காலேஜ் நண்பன் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். திறந்து பார்த்தா ஒரு கிச்சன் டிசைன். நடுவுல கருங்கல் மேடை போட்ட பெரிய ஐலண்ட், மேல சிம்னி, பின் சுவரை இடிச்சுட்டு முழுக்கக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஊரணி. கீழே கொட்டை எழுத்துல 'லேக் வியூ கிச்சன்'னு போட்டிருந்தது. ஊரணிய லேக்னு சொன்னா அந்த ஊர்க்காரங்க சிரிப்பாங்க. ஆனா அந்த 3டி படத்துல தண்ணி நீலமா, கரையில புல்லெல்லாம் போட்டு, ஏதோ ஐரோப்பிய ஏரி மாதிரிதான் இருந்தது.

விஷயம் என்னன்னா, காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல அவனோட பூர்வீக வீடு இருக்கு. வருஷத்துல 350 நாள் பூட்டித்தான் கிடக்கும். பொங்கல், கல்யாணம், கோயில் விசேஷம்னாதான் திறப்பாங்க. அவனோட அப்பா கூடப் பிறந்தவங்களோட சேர்த்து நாலு பேர். மூணு பேர் சென்னை, மூத்தவர் கோலாலம்பூர். வீட்டைச் சும்மா பூட்டி வைக்கிறதுக்கு, மாசம் ஒரு வார இறுதியாவது எல்லாரும் போய்த் தங்கற மாதிரி மாத்தலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. முதல் வேலை சமையலறை. பழைய அடுப்படி ஓடெல்லாம் சரிஞ்சு போச்சு.

அந்த டிசைனை அவனோட அப்பத்தாகிட்ட போன்ல காட்டியிருக்கான். அவங்களுக்கு எண்பத்திநாலு வயசு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம்: "எத்தனை அடுப்புடா போட்டிருக்கான்?"

"ஒண்ணுதான் அப்பத்தா. ஆனா அஞ்சு பர்னர்."

போனைத் திருப்பிக் கொடுத்துட்டுச் சொன்னாங்களாம்: "அப்ப இது யாரோட அடுப்படி?"

அவன் இதை ஜோக்காத்தான் சொன்னான். எனக்கு அது ஜோக்கா தெரியல. அன்னிக்குத் தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் காரைக்குடியில நாலு வருஷம் படிச்சவன். 1952-ல் தொடங்கின அழகப்பா செட்டியார் இன்ஜினியரிங் காலேஜ். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடின்னு பஸ்ஸைப் பிடிச்சுப் போய் பெரிய வீடுகளுக்கு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ இன்னும் என் டிரைவ்ல இருக்கு. எல்லாமே முகப்பு. தேக்குத் தூண், வாசக்கால் மேல கஜலட்சுமி, கலர் கண்ணாடி, ஆத்தங்குடி டைல்ஸ். ஒரு போட்டோல கூட அடுப்படி இல்ல. நான் மட்டுமில்ல, செட்டிநாட்டைப் பத்தின பெரும்பாலான பேச்சு முகப்புலயே நின்னுடுது. ரெண்டாவது பேச்சு செட்டிநாடு சிக்கன். வீட்டைப் பத்தியும் பேசுறோம், சாப்பாட்டைப் பத்தியும் பேசுறோம், சாப்பாடு உருவான இடத்தைப் பத்தி மட்டும் பேசறதில்ல.

வேகமா ஒரு பின்னணி. நாட்டுக்கோட்டை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வட்டிக்கடை வியாபாரத்துல இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் வரைக்கும் போனவங்க. 96 ஊர்களா இருந்த அவங்க நாடு இப்போ எழுபத்துச் சொச்சம் ஊர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரவியிருக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவுல இருந்து 1940 வாக்குல வரைக்கும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்துல இந்த வீடுகளைக் கட்டினாங்க. 2014-ல் இந்த ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல சேர்ந்தது. இதெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சிருக்கும்.

வீட்டோட அமைப்பு நீளவாக்குல போகும். ஒரு தெருவுல முன்வாசல், அடுத்த தெருவுல பின்வாசல். முதல்ல முகப்பு, திண்ணை. உள்ளே போனா வளவு, அதாவது நடுவுல வானம் தெரியற முற்றம், சுத்தி நடை, நடையை ஒட்டி வரிசையா அறைகள். அதுக்குப் பின்னாடி இரண்டாங்கட்டு. அதுக்கும் பின்னாடி மூணாங்கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம். முன்பக்கம் ஆண்கள், கணக்கு, கடுதாசி, வியாபாரம். பின்பக்கம் பெண்கள், உரல், உலக்கை, புகை. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் முன்னாடி இருந்து உள்ளே வர வர மெல்லக் குறைஞ்சுக்கிட்டே வந்து, அடுப்படிக்கு வரும்போது நாட்டு ஓடும் சுண்ணாம்புச் சுவரும்தான் மிச்சம். வீட்டுலயே செலவு குறைவான, வேலை அதிகமான இடம் அதுதான்.

சரி, அப்பத்தாவோட கேள்விக்கு வருவோம்.

நகரத்தார் குடும்பத்துல கல்யாணமான ஒவ்வொரு ஆணும் மனைவியோட சேர்ந்து ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி எழுதுறதும் இந்தப் புள்ளிக் கணக்குலதான். வீட்டுக்கு இத்தனைன்னு இல்ல, தலைக்கு இத்தனைன்னும் இல்ல, புள்ளிக்கு இத்தனை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வளவைச் சுத்தி இருக்கற அறைகள்ல ஒண்ணு அவனுக்கு. அதோட நிக்கல. கொஞ்ச நாள்ல 'வேறு வைக்கிறது'ன்னு ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு வச்சுக் கொடுக்கறது. தனி வீடு இல்லை, கவனிங்க. அதே வீடு, அதே கூரை, அதே சாமி. உலை மட்டும் தனி.

இதை முதல்ல கேட்டப்ப எனக்குத் தப்பாதான் புரிஞ்சது. நம்ம சினிமாவுல தனி அடுப்பு வச்சா குடும்பம் உடைஞ்சுதுன்னு அர்த்தம். பின்னணியில வயலின் அழும், மாமியார் முந்தானையால கண்ணைத் துடைப்பாங்க. இங்கே தனி அடுப்பு வச்சுக் கொடுக்கறதே மாமியார், மாமனார்தான். சண்டை வந்து பிரிஞ்சதில்ல. சண்டை வராம இருக்கத்தான்.

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பத்தின ஏழு தொகுதி நூல்ல, ஐந்தாம் தொகுதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் பத்தி ஒரு பகுதி வருது. அந்த நூலை எச்சரிக்கையோடதான் படிக்கணும். காலனிய அதிகாரி மனுஷங்களை மாதிரி எடுத்து அலமாரியில அடுக்கற தொனி அதுல நிறைய உண்டு. ஆனாலும் இந்தப் பழக்கம் அவர் கண்ணுலயும் பட்டிருக்கு. எல்லாரும் ஒரே வீட்டுல இருப்பாங்க, ஆனா கல்யாணமான ஒவ்வொருத்தருக்கும் சமையல் தனி. அரிசி வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து கொடுக்கப்படும். கணவனை இழந்த தாய் கூடத் தன் சமையலைத் தானே செஞ்சுக்கணும். மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1994-ல் நகரத்தார் வணிகத்தைப் பத்தி எழுதின புத்தகத்துலயும் இந்த அடுப்படிப் பிரிவு வருது. அவர் இதை வியாபாரத்தோட சேர்த்துப் பார்க்கிறார்.

ஏன்னா அது வியாபாரம்தான். ஒரு கூட்டு நிறுவனத்தை யோசிச்சுப் பாருங்க. முதல் எல்லாருக்கும் பொது. ஆனா ஒவ்வொரு கிளையும் என்ன செலவு பண்ணுதுன்னு தனித்தனியா தெரியணும். மூத்த மருமகள் வீட்டுல நெய் அதிகமா, இளைய மருமகள் வீட்டுல விருந்தாளி அதிகமான்னு பொது உலையில கண்டுபிடிக்கவே முடியாது. தனி உலை வச்சுட்டா, அளந்து கொடுத்த அரிசி எப்போ தீர்ந்ததோ அதுவே கணக்கு. மிச்சம் பிடிச்சா அவங்களுக்கு. கூடுதலா வேணும்னா அவங்க பொறுப்பு. நான் வேலை பார்க்கற இடத்துல ஒவ்வொரு டீமுக்கும் தனி கிளவுட் பட்ஜெட் கொடுத்து, மாசக் கடைசியில யார் எவ்வளவு எரிச்சாங்கன்னு டாஷ்போர்ட் பார்ப்போம். இதை நாங்க ரொம்பப் புதுசான விஷயம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம்.

இன்னொரு காரணம், ஆண்கள் வீட்டுலயே இல்ல. ஏஜெண்டா வெளிநாட்டுக் கடைக்குப் போறவர் பொதுவா மூணு வருஷக் கணக்கு முடிச்சுத்தான் திரும்புவார். ரங்கூன்ல கணவர் பெட்டியடிக்கு முன்னாடி உட்கார்ந்து கணக்கு எழுதற மூணு வருஷமும், இங்கே அவரோட புள்ளியை நடத்தறது மனைவி. அவங்களோட ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பண்டசாலை மூலை, பேர் வெட்டின பாத்திரங்கள். கல்யாணச் சீரா வந்த பாத்திரம் பெண்ணோட சொத்து. ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா நகரத்தார் பெண்களோட சொத்துரிமை பத்தியே 1998-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்காங்க. சீர்ல வர்ற பித்தளை, வெள்ளி, மங்குச் சாமான் எண்ணிக்கையைப் பார்த்து ஆடம்பரம்னு சொல்றோம். தனிக் குடித்தனம் நடத்த ஒரு அடுப்படிக்கு என்னென்ன வேணுமோ அந்தப் பட்டியல்தான் அதுக்கு அடிப்படை. பட்டியல் பிற்பாடு எங்கேயோ போயிருச்சு, அது வேற கதை.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சா, தை மாசம் நாட்டரசன்கோட்டைக்குப் போய்ப் பாருங்க. சிவகங்கைக்குப் பக்கத்துல, கண்ணாத்தாள் கோயில். பொங்கல் முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமை 'செவ்வாய்ப் பொங்கல்'. அந்த ஊர் நகரத்தார் எங்கெங்கேயோ இருந்து வந்து சேருவாங்க. கோயில் முன்னாடி நூற்றுக்கணக்கான பானை வரிசையா ஏறும். ஒரு புள்ளிக்கு ஒரு பானை. முதல் பானை யாருதுன்னு சீட்டுப் போட்டு எடுப்பாங்க. பணக்காரரா, மூத்தவரா என்ற பேச்சே கிடையாது. திறந்த வெளியில, ஒரே மைதானத்துல, ஒரே நேரத்துல எல்லா அடுப்பும் எரியும். ஒரே பெரிய அண்டாவுல பொங்கி எல்லாருக்கும் கொடுத்துட்டா வேலை மிச்சம்தானே? அப்படிச் செய்யறதில்ல.

சேர்ந்து சமைக்கிற நாளும் உண்டு. பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குச் செய்யற படைப்பு. கல்யாணம். அப்போ மூணாங்கட்டுல கோட்டை அடுப்பு வெட்டுவாங்க. தரையில நீளமா பள்ளம், அதுல விறகு, மேல வரிசையா அண்டா, கிடாரம். சமைக்க ஆள் வேற வருவாங்க. ஆக வீட்டுக்கு ரெண்டு சமையல் முறை. தினப்படிக்குத் தனித்தனி. விசேஷத்துக்கு ஒண்ணு. எல்லா நாளையும் விசேஷமா ஆக்கிடலாம்னு யாரும் நம்பினதில்ல.

இதை நான் ரொம்பவும் அழகுபடுத்திச் சொல்றேனோன்னு ஒரு பயம் இருக்கு. எண்பது வயசுல கணவனை இழந்த ஒரு ஆச்சி தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி உலையில போட்டு, புகையை ஊதிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதை யோசிச்சா சுதந்திரம்ங்கிற வார்த்தை வாயில வர மாட்டேங்குது. அடுப்பு தனியா இருந்தாலும் முதல் ஆண்களோடது, கணக்கும் ஆண்களோடது. நெல் குத்தறது, தண்ணி சுமக்கறது, பாத்திரம் விளக்கறதெல்லாம் பெரும்பாலும் வேற சாதிப் பெண்கள் செஞ்ச வேலை. அவங்க பேர் எந்தப் பாத்திரத்துலயும் வெட்டப்படல.

தண்ணின்னு சொன்னேன் இல்லையா, அங்கே கொஞ்சம் நின்னு பேசணும். அந்த 3டி படத்துல ஊரணி வெறும் காட்சி. உண்மையில அடுப்படியோட பாதி ஊரணிதான். செட்டிநாட்டுல வத்தாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில கிடைக்கறதைப் பிடிச்சு வச்சு வருஷத்தை ஓட்டணும். ஓட்டுச் சரிவு நாலு பக்கமும் முற்றத்தை நோக்கி இறங்கறது காத்துக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமில்ல. மழை பெய்யறப்ப மூலைக்கு மூலை அண்டாவை வச்சுப் பிடிப்பாங்க. மிச்சத் தண்ணி முற்றத்து வழியா வடிகால்ல இறங்கி, தெரு வாய்க்கால்ல சேர்ந்து ஊரணிக்குப் போகும். குடிக்க ஒரு ஊரணி, குளிக்கத் துவைக்க வேற ஊரணி. குடிதண்ணி ஊரணியில கால் நனைக்கக் கூடாது.

அந்தத் தண்ணி கலங்கலா இருக்கும். குடத்துல கொண்டு வந்ததும் தேத்தாங்கொட்டையை மண்பானையோட உள்பக்கத்துல இழைச்சு, தண்ணியை ஊத்தி வச்சிடுவாங்க. கொஞ்ச நேரத்துல சேறு அடியில படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சிடும். இன்னிக்கு முனிசிபல் சுத்திகரிப்பு நிலையத்துல படிகாரம் போட்டுச் செய்யறதும் இதே தத்துவம்தான், கலங்கலை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சுக் கனமாக்கி மூழ்க வைக்கிறது. கொட்டை அளவு ஃபில்டர். சர்வீஸ் ஆள் வர வேண்டியதில்ல.

முற்றத்தையும் இப்படித்தான் பார்க்கணும். அரிசி உலர்த்த, வத்தல் போட, மிளகாய் காய வைக்க அந்தக் கட்டாந்தரை வெயில்தான் அடுப்படியோட பெரிய மெஷின். நிழல்ல நடையில அம்மி, ஆட்டுக்கல், திருகை. எரியற அடுப்பு ஒரு மூலையில. ஒரு சமையலறைக்குள்ள எல்லாத்தையும் அடைக்காம, வெயில் வேலை வெயில்ல, நிழல் வேலை நிழல்ல, புகை வேலை ஓரமா. மர வேலைப்பாடெல்லாம் முன்னாடி இருக்கற வீட்டுல நெருப்பைக் கடைசியில தள்ளி வச்சது எவ்வளவு புத்திசாலித்தனம்னு தனியா சொல்லணுமா?

இந்த இடத்துல ஒரு சின்ன வெளிநாட்டுப் பயணம். இன்னிக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதோட பாட்டி 1926-ல் ஜெர்மனியில பிறந்தவங்க. பிராங்க்பர்ட் நகரத்துல தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கின்னு ஒரு ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வரைஞ்ச சமையலறை. அகலம் ரெண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள்ள. ஸ்டாப்வாட்ச் வச்சு, பாத்திரம் கழுவற இடத்துக்கும் அடுப்புக்கும் எத்தனை அடின்னு எண்ணி, வீண் நடையைக் குறைச்சு வரைஞ்சாங்க. சுமார் 10,000 வீடுகள்ல அதைப் பொருத்தினாங்க. இதுல எனக்குப் பிடிச்ச தகவல், அதை வரைஞ்ச வரைக்கும் தான் சமைச்சதே இல்லைன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க.

அந்தச் சமையலறைக்கு அடியில ஒரு அனுமானம் இருக்கு. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரே ஒரு பெண், அவளோட நேரம். அவளோட நேரத்தை மிச்சப்படுத்தினா அவளுக்கு நல்லது. நியாயமான அனுமானம், அந்த ஊருக்கு, அந்தக் காலத்துக்கு. செட்டிநாட்டு அடுப்படியோட அனுமானம் வேற. ஒரு வீடு, நாலு குடும்பம், நாலு பெண்கள், நடுவுல உறவு. மிச்சப்படுத்த வேண்டியது உறவை. என் நண்பனுக்கு வந்த பிடிஎஃப், ரெண்டாவது வீட்டுக்குள்ள முதல் அனுமானத்தைக் கொண்டு வந்து பொருத்தப் பார்க்குது. அப்பத்தா ஒரே கேள்வியில பிடிச்சது இதைத்தான்.

அந்த வீடுகள் எப்படி வருஷத்துல 350 நாள் பூட்டின வீடா மாறுச்சு? 1930-கள்ல உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, பர்மா விவசாயிகளால கடனைக் கட்ட முடியல, அடமான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் அவங்ககிட்ட இருந்தது. 1937 வாக்குல அது 25 சதவீதம். காகிதத்துல பார்த்தா பெரிய சொத்து. உண்மையில கைக்கு வர வேண்டிய காசு மண்ணா மாறிடுச்சு, கூடவே அந்த மக்களோட கோபமும் வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயி பக்கம் நின்னு பார்த்தா அந்தக் கோபத்துல நியாயமும் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. ரங்கூன்ல இருந்து வந்த பணம் நின்னதும் இங்கே முப்பது நாப்பது அறை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் வழியில்ல. பிள்ளைங்க மெட்ராஸ் போனாங்க, பாம்பே போனாங்க. சில வீடுகளைத் தூண் தூணாப் பிரிச்சு வித்தாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைகளுக்குப் போனா, யாரோ ஒரு ஆச்சியோட பேர் வெட்டின பித்தளைத் தூக்குவாளியை விலை பேசி வாங்கலாம். பர்மாவுல இருந்து வந்ததுல இன்னும் பத்திரமா இருக்கறது கவுனி அரிசிதான்.

விக்காத வீடுகள் பெரும்பாலும் பாசத்தால மட்டும் தப்பிச்சதில்ல. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாதான் விக்க முடியும். அதனால தப்பிச்சதும் உண்டு. அதே காரணத்தால ஒரு ஓடு மாத்தவும் எல்லாரும் ஒத்துக்கணும். சில வீடுகள் ஹோட்டலாச்சு. காரைக்குடியில ஒரு குடும்பத்தோட விருந்தினர் மாளிகை 1999-ல் 'தி பங்களா'ங்கிற விடுதியாத் திறந்தது. அதை நடத்தின மீனாட்சி மெய்யப்பன் ஆச்சியோட சமையல் அப்புறம் புத்தகமாவே வந்தது. கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம்னு பல ஊர்ல இப்போ தங்கும் வீடுகள் இருக்கு. ஹோட்டலுக்கு ஒரே சமையலறை சரி. அங்கே சமைக்கறவங்களுக்குச் சம்பளம் உண்டு.

குடும்ப வீட்டுக்கு?

நண்பன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல டிசைன் போனதும் ஒரு நாள் முழுக்க யாரும் எதுவும் சொல்லலையாம். ரெண்டு கட்டைவிரல், ஒரு பூங்கொத்து. மறுநாள் அவனோட சின்னச் சித்தி அவனுக்குத் தனியா போன் பண்ணியிருக்காங்க. "தம்பி, கிச்சன் ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லு. பதினாறு பேருக்கு ஒரே அடுப்புன்னா, காலைல ஆறு மணிக்கு அதுக்கு முன்னாடி யாரு நிப்பா? நான் லீவுக்கு வர்றேனா, சமைக்க வர்றேனா?"

அவனோட அம்மாவுக்கு வேற கவலை. ஒரே அடுப்படின்னா, மூத்தவர் ஊர்ல இல்லாததால இவங்கதான் பொறுப்பு. பொறுப்புன்னா அதிகாரமும் இவங்களோடதுன்னு மத்தவங்க நினைப்பாங்க. கேஸ் சிலிண்டர் யார் காசு, மளிகை யார் காசு, முட்டை உள்ளே வரலாமா, சின்னவர் வீட்டுப் பிள்ளைங்க ராத்திரி ரெண்டு மணிக்கு நூடுல்ஸ் பண்ணா பாத்திரம் யார் கழுவறது. சிரிக்காதீங்க, கூட்டுக் குடும்பத்தோட டிரிப் போனவங்களுக்கு இது எவ்வளவு சீரியஸ்னு தெரியும். குடும்பம் உடையறது சொத்துத் தகராறுல மட்டுமில்ல, சிங்க்ல கிடக்கற தோசைக்கல்லுலயும்தான்.

போன வாரம் நானும் அவனும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்தோம். வாழ்க்கையில முதல் முறையா ஒரு செட்டிநாட்டு வீட்டோட மூணாங்கட்டுல உட்கார்ந்தேன். கரி படிஞ்ச சுவர்ல வரிசையா நாலு மாடக்குழி. ஒவ்வொண்ணுக்கும் கீழே அடுப்பு இருந்த தடம், தரை கொஞ்சம் பள்ளமா, கருப்பா. நாலும் ஒரே அளவு. டேப் வச்சு அளந்தோம். இன்ஜினியர் புத்தி.

அப்பத்தாகிட்ட வீடியோ கால்ல அதைக் காட்டினோம். இடது கோடி அவங்களோடதாம். "அதுக்குப் பக்கத்துல சின்னவ. எம் பானையில குழம்பு கொதிச்சா அவளுக்கு வாசம் போகும். ஒரு கிண்ணம் இங்கேயிருந்து அங்கே போகும், ஒரு கிண்ணம் அங்கேயிருந்து இங்கே வரும். கேட்டு வாங்கறதில்ல, கொடுத்து வாங்கறது." அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "அவளுக்கும் எனக்கும் நாலு வருஷம் பேச்சு இல்ல. அப்பவும் கிண்ணம் போகும்"னாங்க.

புது வரைபடம் இப்படி இருக்கு. ஐலண்ட் போச்சு. கண்ணாடிக் கதவும் போச்சு. மேற்கு வெயில் நேரா அடிக்கற சுவர் அது, ஏசி வச்சாலும் தாங்காது. அதுக்குப் பதிலா ஊரணிப் பக்கம் ஒரு தாழ்வாரம், அங்கே உட்கார்ந்து காய் நறுக்கலாம், தண்ணியும் தெரியும். மூணாங்கட்டு முற்றம் மூடப்படாம அப்படியே வெயிலுக்கு. பழைய சுவரை ஒட்டி நாலு மேடை, ஒவ்வொண்ணும் நாலடி; தனித்தனி இண்டக்‌ஷன் அடுப்பு, தனி சிங்க், பூட்டற மாதிரி தனி அலமாரி. நடுவுல பொதுவா ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கிரைண்டர். கல்யாணம், படைப்புன்னா பின்பக்கம் திறந்த வெளியில கோட்டை அடுப்புக்கு இடம். மாடுலர் கம்பெனி ஆள் இதைப் பார்த்துட்டு, சார் இது நாலு ஸ்டூடியோ அபார்ட்மென்ட் ஆர்டரான்னு கேட்டாராம். செலவு முதல் டிசைனை விடக் கொஞ்சம் அதிகம்தான். நாலு சிங்க்குக்கும் தனித்தனியா குழாய் இழுக்கணும்.

சின்னச் சித்தி உடனே சரின்னுட்டாங்க. அவனோட அம்மா இடது கோடி மேடை தனக்கு வேணும்னு கேட்டிருக்காங்க. அப்பத்தா, "அது எனக்கு. நான் போன பிறகு எடுத்துக்க"ன்னாங்களாம். அதனால இப்போ வரைபடத்துல அஞ்சாவதா ஒரு சின்ன மேடை வந்திருக்கு, உட்கார்ந்துக்கிட்டே சமைக்கற உயரத்துல.

கோலாலம்பூர் பெரியப்பா இன்னும் பதில் போடல. குரூப்ல ரெண்டு நீல டிக் மட்டும் இருக்கு. அவர் மேடையை வரைபடத்துல வெறும் கோடா விட்டு வச்சிருக்காங்க. அவர் சொல்லாம கொத்தனார் கையை வைக்க முடியாது.